மூன்றாவது ‘இல்லை’

காளானைப் பார்த்து நல்லதா நஞ்சா என்று சொல்லும் அறிவிழி இயந்திரத்துக்கு வாய் வைப்பது என்று முடிவானபோது, யாருடைய குரலை வைப்பது என்பதற்கு ஒரு குழு அமைத்தார்கள். ஏழு பேர் குழு. நான்கு மாதம் கூடிக் கூடிப் பேசி, அந்தக் குழுவின் தலைவரும் காளான் அடையாள ஆணையத்தின் இயக்குநருமான முனைவர் ஆலாலசுந்தரத்தின் குரலே ஆகப் பொருத்தமானது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் நாற்பத்திரண்டு மலை மையங்களிலும் காலை ஏழு முதல் மாலை நான்கு வரை, முனைவரே நேரில் வந்து ஒவ்வொரு காளானையும் ஆசீர்வதிப்பதுபோல அந்தப் பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

“உண்ணத் தகுந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு விழுக்காடு.”

அந்தப் ‘புள்ளி நான்கு’ வரும்போது குரல் கொஞ்சம் குழையும். அடக்கம் என்பதை முனைவர் அந்த ஓர் இடத்தில்தான் காட்டியிருந்தார்.

சீகைமேடு மையத்தில் இந்தக் குரலை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்பவர் குழந்தைவேலு. பதவி, மனித உறுதியாளர். இயந்திரம் சொன்னதை ஒரு மனிதன் உறுதி செய்ய வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் அவருக்குச் சம்பளம். எதிரே இரண்டு பொத்தான்கள். ‘ஆம்’ என்பதில் எழுத்து தேய்ந்து, விரல் பதியும் குழி ஒன்று விழுந்திருந்தது. ‘இல்லை’ என்பது கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே பளபளத்தது. விளக்கு எரிந்து நான்கு விநாடிக்குள் ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். ‘இல்லை’யை அமுக்கினால் பதினோரு பக்கப் படிவம். அதையும் பொறுத்துக்கொண்டு ஓர் ஆண்டில் மூன்று முறை ‘இல்லை’ என்று அமுக்கினால், அந்த மனிதனின் பார்வையில் கோளாறு என்று பொருள். திறன் மறுஆய்வு என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுஆய்வுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

குழந்தைவேலு அந்த ஆண்டில் இரண்டை அமுக்கியிருந்தார். ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது.

ஒரு காலத்தில் அவர் காளான் ஆராய்ச்சியாளர். இருபது ஆண்டுகள் இந்த மலைகளில் முழங்காலிட்டு, ஈர இலைகளைப் புரட்டி, முகர்ந்து, உடைத்து, நகத்தால் கீறி நிறம் மாறுகிறதா என்று பார்த்தவர். பிறகு சமவெளியில் துவரையும் உளுந்தும் பூக்கும் பருவத்திலேயே கருகத் தொடங்கின. மலையில் மட்டும் மழை, அதுவும் வேண்டாத மாதத்தில். ரேஷன் கடையில் பருப்புக்குப் பதிலாக உலர்ந்த காளான் போடத் தொடங்கினார்கள். காட்டில் கண்டதையெல்லாம் பறித்து முதல் இரண்டு ஆண்டில் ஊர் ஊராகச் செத்தார்கள். அப்போதுதான் அறிவிழி வந்தது. வந்த பிறகு சாவு குறைந்தது. அதைக் குழந்தைவேலுவும் மறுத்ததில்லை. மனிதர்களைவிட அது நன்றாகவே பார்த்தது. நன்றாகப் பார்ப்பதை, எப்போதும் தப்பாமல் பார்ப்பது என்று சட்டமாக்கியபோதுதான் வினை பிடித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சலேத்மேரி வந்து கூடையை இறக்கினாள். பறிக்கும் பெண்களில் அவள் பழைய ஆள். நாற்பது வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று மேஸ்திரி சொல்லுவான். மேஸ்திரியைவிட நீளம் என்பதுதான் அவனுடைய வருத்தம்.

“சார், மேலாக்க இருக்கிற அஞ்சாறு மட்டும் எனக்குப் பிடிக்கல.”

“ஏம்மா?”

“கரிமரத் தோட்டத்துல மொளைச்சது. அந்த மரத்தடியில இத்தனை வருஷமா ஒண்ணும் மொளைச்சதில்ல. போன வருஷம் ரெண்டு பாத்தேன். இந்த வருஷம் வழி பூராவும் நிக்குது.”

கரிமரம் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். உலகத்துப் புகையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்லி, எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து வேர்மண்ணோடு கொண்டுவந்து நட்ட மரங்கள். நடுவிழாவில் நாடாவை வெட்டியவர் முனைவர் ஆலாலசுந்தரம். வேர்மண்ணில் வேறென்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. விழாவில் கேட்கிற கேள்வியா அது.

“பிடிக்கலைன்னா எதுக்குப் பறிச்ச?”

“விட்டுட்டு வந்தா மேஸ்திரி கேக்குறான்ல? ‘நல்லதா கெட்டதான்னு சொல்ல நீ யாரு, அதுக்குத்தான் பொட்டி இருக்கு’ங்கிறான்.”

குழந்தைவேலு அந்த ஐந்தாறையும் கண்ணாடித் தட்டில் வைத்தார். விளக்கு பச்சையாக எரிந்தது.

“வைக்கோல் காளான்,” என்றது முனைவரின் குரல். “உண்ணத் தகுந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு விழுக்காடு.”

“வைக்கோலா?” சலேத்மேரி பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். “நம்ம மலையில நெல்லே கெடையாதே சார். வைக்கோல் எங்கருந்து வந்துச்சு?”

இந்தக் கேள்விக்கு ஆணையத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஆலாலசுந்தரம் முனைவர் பட்டம் வாங்கியது வைக்கோல் காளானைப் பற்றி. அறிவிழிக்கு முதன்முதலில் புகட்டியது அந்த ஆய்வேட்டின் பதினோராயிரம் படங்களை. பிறகு என்னென்னவோ ஊட்டினார்கள். ஆனாலும் வெள்ளையாகக் குடை விரித்த ஒன்றைக் கண்டுவிட்டால் அது தாய்வீட்டுப் பக்கமே ஓடியது. எந்த மண்ணில், எந்த மரத்தடியில் முளைத்தது என்று அதற்குத் தெரியாது. தட்டில் அழுக்குப் படக் கூடாது என்பதற்காக, அடிக்காம்பை மண்ணோடு வெட்டி எறிந்துவிட்டுக் கழுவித்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி. எதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாமோ அதைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் கண்ணாடி சுத்தமாக இருக்கும்.

குழந்தைவேலு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். குடையில் இளம்பச்சை படர்ந்த வெண்மை. அடியில் மடிப்புகள் பால் வெள்ளை. காம்பைச் சுற்றி மெல்லிய பாவாடை ஒன்று தொங்கியது. வைக்கோல் காளானுக்குப் பாவாடை கிடையாது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. நேரில் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில், மண்டையோட்டுப் படம் போட்ட பக்கத்தில் பார்த்திருக்கிறார். கை ‘இல்லை’யின் மேல் போய் நின்றது.

ஒரு விநாடி. பதினான்கு மாதம். இரண்டு விநாடி. இதை அமுக்கினால் மூன்று. மூன்று விநாடி. தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு என்கிறதே, நான் பார்த்ததெல்லாம் படம்தானே.

நான்காவது விநாடியில் விரல் தன் குழியைத் தானே தேடிப் போனது. ஆம்.

அந்த ஐந்தாறும் வழியில் உடைந்திருந்தன. உடைந்ததை ரேஷனுக்கு ஏற்றமாட்டார்கள். முத்திரை குத்தி, பறித்தவளிடமே திருப்பிக் கொடுப்பது வழக்கம். உடைசல் என்று பெயர். மாதம் முழுவதும் மலைக்குடும்பங்களின் குழம்பு அதில்தான் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்று அவளிடம் காதோடு காதாகச் சொல்லிவிட வேண்டும் என்று குழந்தைவேலு நினைத்தார். அதற்குள் அடுத்த கூடை வந்தது. அதற்கடுத்தது வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் முத்திரைச் சீட்டோடு போயிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மையத்துக்குள் வந்தாள். கையில் கூடை இல்லை.

“சார், எங்க வீட்டுக்காரரு விடிஞ்சதுலருந்து வாந்தியும் பேதியுமா இருக்காரு. ஆசுபத்திரியில போட்டிருக்கேன்.”

குழந்தைவேலு எழுந்துவிட்டார். “நீ சாப்பிட்டியா?”

“நான் தொடல. பிடிக்கலைன்னுதான் தனியா வச்சேன். ‘கவர்மெண்டே சீல் குத்திக் குடுத்திருக்கு, உனக்கென்ன நோப்பாளம்’னு அவரே வதக்கித் தின்னுட்டாரு. ரெண்டு மட்டும் மீதி இருக்கு.” முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள்.

அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் ஷர்மிளா பானுவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சலேத்மேரியின் கணவன் சவரிமுத்துவுக்கு உப்புநீர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“காளான் விஷம்னுதான் எனக்கும் தோணுது சார். ஆனா நான் தோணி ஒண்ணும் ஆகப்போறதில்ல,” என்று சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைக் காட்டினார். அதன் கதவில் சாவித்துளை இல்லை, ஒரு சின்னத் திரை மட்டும் இருந்தது. “கல்லீரலைக் காப்பாத்துற ஊசி உள்ளதான் இருக்கு. அறிவிழி ‘நஞ்சு’ன்னு தீர்ப்பு குடுத்தா ஒரு எண் வரும். அந்த எண்ணைப் போட்டாத்தான் இது திறக்கும். மீதிக் காளானை இங்க இருக்கிற பெட்டியிலயும் வச்சுப் பாத்தேன். வைக்கோல் காளானாம். சாப்பிடலாமாம்.”

“உடைச்சா என்ன?”

“உடைச்சா உள்ள இருக்கிற மருந்து தானா உறைஞ்சு கெட்டுப்போகும். மருந்து திருட்டுப் போகக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு.”

மருந்து திருட்டுப் போகாமல் மிக நன்றாகத்தான் பாதுகாக்கப்பட்டிருந்தது.

குழந்தைவேலு பழைய வேலை ஒன்றைச் செய்தார். காளான் குடையைக் காகிதத்தில் கவிழ்த்து மூடிவைத்தால் சில மணி நேரத்தில் அதன் தூள் உதிர்ந்து நிறம் காட்டும். வைக்கோல் காளான் என்றால் இளஞ்சிவப்பு. அவர் சந்தேகப்பட்ட நச்சுக் காளான் என்றால் வெள்ளை. வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. கறுப்பு வேண்டும். ஷர்மிளா யாரோ ஒருவருடைய மார்பு எக்ஸ்ரே படத்தை எடுத்துக் கொடுத்தார். யாருடையதோ விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு குடைகளையும் கவிழ்த்து, கண்ணாடித் தம்ளர்களால் மூடிவிட்டு மூவரும் காத்திருந்தார்கள்.

மாலை நான்கு மணிக்குத் தம்ளரை எடுத்தார்கள். நுரையீரல் இருந்த இடத்தில், கதிர் கதிராக, சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள்.

“இது ஆதாரம் இல்லையா?” என்று கேட்டாள் சலேத்மேரி.

“எனக்கு ஆதாரம்தாம்மா. அலமாரிக்கு இல்ல,” என்றார் ஷர்மிளா. பிறகு குழந்தைவேலுவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு வழி இருக்கு சார். படிவம் பதினாலு. மனிதப் பிழை. உறுதி செஞ்சவரு தன்னோட தப்புன்னு எழுதிக் குடுத்தா பழைய தீர்ப்பு இந்த நோயாளிக்குப் பொருந்தாதுன்னு ஆகும், அலமாரி திறக்கும். சீகைமேட்டுல நேத்து உறுதி செஞ்சது யாரு?”

“நான்தான்.”

ஷர்மிளா உள்ளே போய்ப் படிவத்தை எடுத்துவந்து நீட்டினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் குழந்தைவேலுவுக்குக் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் கையெழுத்துப் போடுவோம் என்று நினைத்தார். அன்றைக்கே போடுவதற்குப் பேனா இருந்தது.

வியாழக்கிழமை காலை போனபோது சவரிமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். டீ கேட்டு வாங்கிக் குடித்திருந்தான். வாந்தி நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டெருமை விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சலேத்மேரி இரண்டு நாளில் முதல் தடவையாகத் தலை வாரியிருந்தாள்.

“பயந்தே போயிட்டேன் சார். மாதா காப்பாத்திட்டா,” என்றாள்.

குழந்தைவேலு புத்தகத்தில் படித்திருக்கிறார். இந்தக் காளான் இரண்டாம் நாள் ஆளை விட்டுவிட்டதுபோலக் காட்டும். வலி போகும், பசி வரும், சிரிப்பு வரும். உள்ளே கல்லீரல் கரைந்துகொண்டிருக்கும். இந்த நாளில் நம்பக் கூடாது என்று அந்தப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும். எல்லாம் தெரிந்திருந்தும் சவரிமுத்துவின் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. ஒருவேளை கொஞ்சமாகத் தின்றிருப்பான். ஒருவேளை நன்றாக வதக்கியதில் போயிருக்கும். வதக்கினால் போகாது என்பதும் அவர் படித்ததுதான். படிவம் சட்டைப்பையிலேயே இருந்தது.

பதினோரு மணிக்கு முனைவர் ஆலாலசுந்தரம் வந்தார். கூடவே பழத்தட்டும் புகைப்படக்காரரும் வந்தார்கள். அவர் வார்டுக்குள் நுழைந்து, “நோயாளி பூரண நலம் பெற்றது குறித்து மகிழ்ச்சி,” என்றதும் நாலைந்து நோயாளிகள் பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

“சார் பேசுனதும் மையத்துல உடைசல் வரிசையில நிக்கிற மாதிரியே இருக்கு,” என்றான் சவரிமுத்து. “உங்க குரலை நம்பித்தான் சார் தின்னேன்.”

“நம்பிக்கை வீண்போகவில்லை பார்த்தீர்களா?” என்று முனைவர் அவன் தோளில் கை வைத்தார். படம் எடுத்தார்கள். கை தோளில் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை வைத்து எடுத்தார்கள்.

பிறகு வராந்தாவில் குழந்தைவேலுவைத் தனியே அழைத்தார்.

“பதினான்கு மாதம்தானே பாக்கி?”

“ஆமாங்க சார்.”

“எக்ஸ்ரே படத்தில் பொடி உதிர்த்து விளையாடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.”

“வெள்ளையா விழுந்திருக்கு சார். வைக்கோல் காளான்னா இளஞ்சிவப்புல விழும். நீங்களே எழுதிருக்கீங்க, உங்க ஆய்வேட்டுல, நாலாவது அத்தியாயம்.”

தன் ஆய்வேட்டை இன்னொரு மனிதர் படித்திருக்கிறார் என்ற செய்தி முனைவரை ஒரு கணம் நெகிழ வைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அது மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம், குழந்தைவேலு. இப்போது அந்தச் சுமையிலிருந்து நாம் விடுபட்டுவிட்டோம்.”

“இன்னிக்கு நல்லாருக்கிறதுதான் சார் இதோட குணம். நாளைக்குத்தான் தெரியும்.”

“அப்படியானால் நாளைக்குப் பார்ப்போமே.”

“இயந்திரம் தப்பா சொல்லிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா இப்பவே அலமாரி திறக்கும் சார்.”

“எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் இயந்திரப் பிழை என்று படிவத்தில் கட்டமே கிடையாதே,” என்றார் முனைவர், உண்மையான வருத்தத்தோடு. “அதைச் சேர்ப்பதா என்று ஆராய வேண்டுமானால் ஒரு குழு அமைக்கலாம்.”

வெள்ளிக்கிழமை விடியும்போது சவரிமுத்துவின் கண் மஞ்சளாகியிருந்தது. ஏழு மணிக்குத் தன் மனைவியைத் தன் அம்மா என்று நினைத்துப் பேசினான். எட்டு மணிக்குக் குழந்தைவேலு மருத்துவமனை மேசையில் படிவத்தை விரித்தார்.

எழுதுவதற்கு அதிகம் இடம் விட்டிருக்கவில்லை. பெயரும் தேதியும் போட்டால் போதும். மற்றதெல்லாம் முன்கூட்டியே அச்சிட்டிருந்தது. ‘நோயாளி உண்ட காளான்கள் அறிவிழி பார்த்தவை அல்ல. பரிசோதிக்கப்படாத வேறு காளான்களை எனது கவனக்குறைவால் கலந்துவிட்டேன். அறிவிழி பார்த்து உண்ணத் தகுந்தவை என்று கூறியவை உண்ணத் தகுந்தவையே என உறுதி கூறுகிறேன்.’

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். அது பொய். அந்தப் பொய் எங்கே போய் நிற்கும் என்று யோசிக்க அப்போது அவரால் முடியவில்லை. உள்ளே சவரிமுத்து யாரையோ ஆடு மடக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டார்.

அலமாரி ஒரு சின்னச் சத்தத்தோடு திறந்தது. மனிதர்கள் பொய் சொன்னதும் திறந்துகொள்ளும்படி எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள் என்று ஷர்மிளா முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.

“புதன்கிழமை போட்டிருந்தா?” என்று கேட்டார் குழந்தைவேலு.

“சார், அதைக் கேக்காதீங்க.”

சவரிமுத்து ஞாயிறு காலை முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது இறந்துபோனான்.

குழந்தைவேலுவை இடைநீக்கம் செய்தார்கள். பத்து நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொன்னார்கள். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

“ஒத்துக்கிட்டது நல்லதாப் போச்சு சார். எங்களுக்கும் வேலை சுலபம்,” என்று தன் மேசைத் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை தட்டில் கிடந்த அதே காளான்களின் படம். இளம்பச்சை வெண்மை, காம்பில் பாவாடை. ஓரத்தில் புதிதாக ஒரு சிவப்பு முத்திரை. ‘உண்ணத் தகுந்தது. விசாரணையில் உறுதி செய்யப்பட்டது.’

“இது எதுக்கு சார்?”

“அறிவிழி பாத்தது நல்ல காளான்னு நீங்க உறுதிமொழி குடுத்திருக்கீங்கல்ல? மனுஷன் விசாரிச்சு உறுதி செஞ்ச படம்னா அதுக்கு ஆயிரம் படத்தோட மதிப்பு. அதை இயந்திரத்துக்குப் புகட்டியாச்சு. இந்தச் சாதியில அதுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் இருந்துச்சு போல. இப்ப இல்ல. நாப்பத்திரண்டு மையத்துக்கும் போயிருச்சு.” அவர் குரலில் பெருமை இருந்தது. “தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு ஆயிருச்சு சார், உங்களால.”

குழந்தைவேலு சொன்னார். பாவாடையைப் பற்றிச் சொன்னார், வெள்ளைத் தூளைப் பற்றிச் சொன்னார், தான் கையெழுத்திட்டது பொய் என்று சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்புக்கொண்டதை மறுப்பது தனிக் குற்றம் என்றும், அதற்குத் தனிப் படிவம் என்றும், அதை ஏற்பதற்கு அறிவிழியின் கருத்துரை வேண்டும் என்றும் விளக்கினார்.

அவர் முனைவருக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைகளுக்கு எழுதினார். கடிதங்களை வாசித்துத் தரம் பிரிக்கவும் இப்போது இயந்திரங்கள் இருந்தன.

இதற்கிடையில் அரசு இரக்கம் காட்டியது. மனிதப் பிழையால் குடும்பத்தலைவரை இழந்த சலேத்மேரிக்குக் கருணை அடிப்படையில் வேலை. சீகைமேட்டில் அப்போது காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பணி ஆணையை முனைவரே மேடையில் வழங்கினார். மனிதத் தவறால் உண்டான காயத்துக்கு இதுவே மனிதநேய மருந்து என்று பேசினார். கைதட்டினார்கள். விடுதியில் படிக்கும் மகளை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை யாரையும் பார்க்கவில்லை.

சலேத்மேரி வேலையில் சேர்ந்த அன்று காலை குழந்தைவேலு மையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. கடைக்காரர் கேட்காமலேயே சர்க்கரை குறைத்து டீ போட்டுக் கொடுத்தார். முன்பு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவதில்லை.

பதினொன்றரை மணிக்கு சலேத்மேரி வெளியே வந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்குவாளி. தூக்கைத் திறந்திருக்கவில்லை. சாலையைக் கடந்து வந்து அவர் உட்கார்ந்திருந்த பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“அதுக்குள்ள என்ன?” என்றார் குழந்தைவேலு.

“மூணும் முடிஞ்சிருச்சு சார்.”

“மூணு என்ன?”

“மூணு ‘இல்லை’. நாளைக்கு மறுஆய்வாம். வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“மூணையும் இன்னிக்கு ஒரு நாள்லயா அமுக்கின?”

“ஒரு மணி நேரத்துல. கரிமரத் தோட்டம் பூரா அதுதானே சார் நிக்குது. கூடைக்கூடையா வருது. மொத கூடை வந்துச்சு, இல்லைன்னேன். பதினோரு பக்கம் எழுதச் சொன்னாங்க. எனக்கு என்ன எழுதத் தெரியும்? ‘என் புருஷன் செத்த காளான்’னு பதினோரு பக்கத்துலயும் எழுதினேன். அடுத்த கூடை வந்துச்சு. அதுக்கும் அதேதான். மூணாவதுக்குப் பேனா மை தீந்துபோச்சு.”

டீக்கடைக்காரர் அவளுக்கும் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

“அன்னிக்கு உங்க கை அந்தப் பொத்தான் மேல நின்னுச்சு சார்,” என்றாள். குரலில் சூடு இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுவதுபோலப் பேசினாள். “நான் பாத்தேன். சார் நிறுத்துறாரு, அப்பக் கெட்டதுதான்னு நினைச்சேன். அப்புறம் கை அந்தப் பக்கம் போச்சு. சரி, படிச்சவரு, அவரே ஆமான்னுட்டாரேன்னு வீட்டுக்குக் கொண்டுபோனேன். பொட்டியை நான் என்னைக்கும் நம்புனதில்ல. உங்க கையத்தான் பாத்தேன்.”

குழந்தைவேலு டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆடை படர்ந்திருந்தது.

“உங்களுக்கு எத்தனை பாக்கி இருந்துச்சு?”

“ஒண்ணு.”

“எதுக்கு சார் வச்சிருந்தீங்க?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பதினான்கு மாதம் என்ற பதில். அவள் அதற்குக் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

“நாலாவது கூடையும் வந்துச்சு,” என்றாள். “எனக்குத்தான் ‘இல்லை’ தீந்துபோச்சே. நான் இன்னும் நாற்காலியிலதான் இருக்கேன், மேஸ்திரி நின்னுக்கிட்டு ‘அமுக்கு, அமுக்கு’ங்கிறான். கூடையைத் தரையில கவுத்தேன். கால்ல போட்டு மிதிச்சேன். சேறாக் கூழா ஆகுற வரைக்கும் மிதிச்சேன். அரசாங்கச் சொத்தைச் சேதம் பண்ணினேன்னு அதுக்குத் தனியா கேஸாம்.”

“அதுவாவது ஒழிஞ்சுதே. அந்த ஒரு கூடையாவது.”

சலேத்மேரி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்து இரக்கப்படுவதுபோல இருந்தது அந்தப் பார்வை.

எதிரே மையத்தின் கதவு திறந்திருந்தது. அவள் எழுந்துவந்த நாற்காலியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். தற்காலிகப் பொறுப்பு. தரையிலிருந்து வழித்தெடுத்த கூழைத் தகரத்தில் அள்ளி, மண்ணும் செருப்புத் தடமுமாக, இரண்டு பேர் கண்ணாடித் தட்டில் கொட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. சாலையைத் தாண்டி டீக்கடை வரைக்கும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. புதிய பதிப்பில் குழைவைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

“உண்ணத் தகுந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு விழுக்காடு. உடைசல்.”

முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. வெளியே வரிசையில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, நாலாவது கூடைக்காரி, தன் பாத்திரத்தை நீட்டினாள்.